பூஜைப் படியில் நாற்பது டேக்

எங்கள் கம்பெனி ஓசூர் ஜூஜுவாடியில், ஹைவேயிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில் இருக்கிறது. கார் கதவுக்கு பிளாஸ்டிக் கைப்பிடி செய்கிறோம். செய்கிறோம் என்று நான் சொல்லக் கூடாது, நான் கேட்டில் உட்கார்ந்திருப்பவன். முன்னே மோல்டிங்கில் இருந்தேன். ரிட்டயர் ஆன அன்று மாலையும் கையுமாக வெளியே வரும்போது செக்யூரிட்டி நாற்காலி காலியாக இருந்தது, உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை.

கேட்டில் உட்கார்ந்தால் பலதும் பார்க்கலாம். ஒரு மார்கழிப் பனியில் நைட் ஷிப்ட் மொத்தமும் வழி தவறிப் பக்கத்துக் கம்பெனிக்குள் போய் ஒரு வாரம் வேலை பார்த்தது. அங்கே நல்ல பெயர் எடுத்து, ஓவர்டைமும் வாங்கிக்கொண்டுதான் திரும்பினார்கள். ஜவளகிரிக் காட்டிலிருந்து ஒரு யானை வந்து கேட்டில் நின்றது. ஐடி கார்டு கேட்டேன், இல்லை, போய்விட்டது. இந்த ஊர்க் கொசு எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்து அத்திப்பள்ளியில் கடித்துவிட்டு ஜூஜுவாடியில் வந்து உட்காரும். அந்தக் காய்ச்சலை எந்த மாநிலத்தில் எழுதுவது என்று பேசி முடிப்பதற்குள் கொசுவுக்கு வயசாகிவிடும்.

இவற்றையெல்லாம் சொன்னால் தலையாட்டுகிறவர்கள் ஆஃப்ஷீன் விஷயத்தைச் சொன்னால் மட்டும் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். இது நடந்தது.

ஆஃப்ஷீன் குவாலிட்டியில் டிரெய்னி. கிருஷ்ணகிரியில் புள்ளியியல் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு வந்த பெண். கைப்பிடியின் அளவு கூடியதா குறைந்ததா என்று கம்ப்யூட்டரில் ஏற்றுவது வேலை. அப்பா பஷீர் அஹமது, ராயக்கோட்டை மார்க்கெட்டிலிருந்து பெங்களூருக்குத் தக்காளி வண்டி ஓட்டியவர், கொரோனா இரண்டாம் அலையில் போய்விட்டார். அந்த வருஷம் என் வீட்டிலும் ஒருத்தி குறைந்தாள். அது இந்தக் கதையில் வராது.

போன ஆகஸ்டில் ஒரு காய்ச்சல் வந்து அசெம்பிளி லைனில் பாதிப் பேர் படுத்துவிட்டார்கள். அப்போதுதான் அவள் பெங்களூரில் ஒரு ஆராய்ச்சி நிறுவனத்துக்கு விண்ணப்பம் போட்டாள். இரண்டு வருஷப் பயிற்சி, மாதாமாதம் உதவித்தொகை. பயிற்சியின் பெயரைக் கேட்டேன்.

"தொற்றுநோய் மாடலிங், தாத்தா."

"நோய்க்கு மாடலிங்கா? மேடையில நடக்க விடுவாங்களா?"

அவள் சிரிக்கவில்லை. என் பேச்சுக்குச் சிரிக்காதவர்கள் இந்தக் கம்பெனியில் இரண்டு பேர். இன்னொன்று பயோமெட்ரிக் மிஷின்.

"ஒருத்தருக்குக் காய்ச்சல் வந்தா அவங்ககிட்ட இருந்து எத்தனை பேருக்குப் போகும், எப்ப உச்சத்துக்கு ஏறும், எப்ப ஓயும், ஸ்கூலை மூடினா என்ன ஆகும், ஊசி போட்டா என்ன ஆகும். அதைக் கம்ப்யூட்டர்ல முன்னாடியே போட்டுப் பாக்கறது. நாம கைப்பிடிக்கு அச்சு வெட்டறதுக்கு முன்னாடி டிராயிங்ல பாக்கறோம்ல, அந்த மாதிரி."

"நோய் டிராயிங்படி வருமா?"

"வராது. அப்ப டிராயிங்கைத் திருத்தணும்."

முதல் சுற்றில், போனில் நடந்த நேர்காணலில், ஏன் இந்தத் துறை என்று கேட்டார்களாம். அவள் சொன்னதை என்னிடமும் அப்படியே சொன்னாள், விலைப்பட்டியல் வாசிக்கிற குரலில். "அந்த வருஷம் தினம் சாயந்தரம் டிவியில ஒரு எண்ணிக்கை சொல்லுவாங்க. அத்தா ஆஸ்பத்திரியில போனாரு. அவரை எந்தச் சாயந்தரத்துக் கணக்குல சேத்தாங்கன்னு தெரியல. அன்னிக்கா, மறுநாளா, அடுத்த வாரமா, சேத்தாங்களா. தேடிப் பாத்தேன், கண்டுபிடிக்க முடியல. எண்ணறது எப்படின்னு கத்துக்கணும்."

அவளைக் கடைசிச் சுற்றுக்கு எடுத்தார்கள். கடைசிச் சுற்றுக்கு ஒரு சின்ன ஆய்வு செய்து காட்ட வேண்டும். அந்த நிறுவனம் நாற்பது டேக் கடன் கொடுத்தது. ஒரு ரூபாய் வட்டத்தில், கழுத்துக் கயிற்றோடு. ஒரு டேக்குக்குக் கைநீட்டுகிற தூரத்தில் இன்னொரு டேக் வந்தால், எது வந்தது, எவ்வளவு நேரம் நின்றது என்று இரண்டும் குறித்துக்கொள்ளும். லைனில் நாற்பது பேர் ஒரு வாரம் இதைக் கழற்றாமல் மாட்டிக்கொண்டால், யாரோடு யார் பழகுகிறார்கள் என்று கிடைத்துவிடும். அதை வைத்துக் காய்ச்சல் எப்படிப் பரவும் என்று போட்டுக் காட்டலாம்.

வாரத்தில் வேலை நாளும் வர வேண்டும், விடுமுறையும் வர வேண்டும் என்றார்கள். எங்கள் லைன் பெண்களில் பாதிப் பேர் ஒரே லைன் வீட்டில் அக்கம்பக்கம் இருக்கிறவர்கள், லீவு நாளில்தான் ஒருத்தி அறையில் பத்துப் பேர் கூடி உட்காருவார்கள். அதனால் ஆயுத பூஜை வாரத்தை எடுத்தாள். ஹெச்.ஆர். ஜெகதீஷ் சார் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "புரொடக்‌ஷன் பாதிக்குமா?" பாதிக்காது. சரி என்றார்.

ஆனால் அவர் கையில் இன்னொன்று இருந்தது. ஆஃப்ஷீனின் டிரெய்னி காலம் அந்த மாதத்தோடு முடிகிறது. நிரந்தர வேலை தருகிறோம், மூன்று வருஷம் போகமாட்டேன் என்று பாண்டில் கையெழுத்துப் போட வேண்டும், பூஜைக்கு அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள். போடாவிட்டால் ஐடி கார்டைக் கொடுத்துவிட்டுப் போகலாம். பெங்களூர்க்காரர்கள் கடைசிச் சுற்றை வைத்திருந்தது வியாழக்கிழமை. பயிற்சி கிடைத்தால் போகலாம், கிடைக்காவிட்டால் மூன்று வருஷம் கைப்பிடி. அந்த நாற்பது டேக்கில் இருப்பதுதான் முடிவு செய்ய வேண்டும்.

பூஜை அன்று அவள் இங்கே இல்லை. கம்ப்யூட்டரில் கணக்கை எப்படி ஏற்றுவது என்று காட்டுகிறோம் என்று பெங்களூரில் கூப்பிட்டிருந்தார்கள்.

எங்கள் கம்பெனி ஆயுத பூஜை பற்றிச் சொல்ல வேண்டும். நடத்துபவர் மெயின்டனன்ஸ் முனிவேல். வேறு யாரும் கை வைக்க முடியாது. கம்ப்ரஸருக்கு முன்னால் படி கட்டி வெள்ளைத் துணி விரிப்பார். ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர் கீழ்ப்படி. அளவெடுக்கிற வெர்னியர், மைக்ரோமீட்டர் நடுப்படி. மேல்படியில் சாமி படம், ஜெகதீஷ் சாரின் லேப்டாப். மிஷினுக்கெல்லாம் வாழைக்கன்று, பொட்டு. ஒரு வருஷம் ஃபோர்க்லிப்டுக்கு ரோஜா மாலை போட்டார், மறுநாள் அது வேலைக்கு வரவில்லை, மெமோ கொடுத்த பிறகுதான் ஸ்டார்ட் ஆனது.

பூஜையில் வைத்ததை உடனே எடுக்கக் கூடாது. மறுநாள் மறுபடியும் கற்பூரம் காட்டிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். மறுநாள் லீவு என்றால் கம்பெனி திறக்கிற அன்று. அதுவரை ஆயுதம் ஓய்வில் இருக்கிறது.

முனிவேல் படியெல்லாம் அடுக்கி முடித்துத் திரும்பிப் பார்த்திருக்கிறார். நாற்பது பெண்கள் கழுத்தில் நாற்பது கருவிகள் தொங்குகின்றன. தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு லைனுக்குப் போனார். பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கழற்றிப் போட்டார்கள். பூஜைக்குக் கேட்டால் யார் மாட்டேன் என்பார்கள்? நாகம்மா டேக்கைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போட்டாள். எல்லோரும் பொரிகடலை வாங்கிக்கொண்டு வெறும் கழுத்தோடு வீட்டுக்குப் போனார்கள். நான் கேட்டில் பார்த்தேன். எனக்கு அதில் ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. அந்தச் சின்னப் பொருளுக்கும் ஒரு மரியாதை செய்தார்கள் என்று நினைத்தேன்.

லீவு முடிந்து கம்பெனி திறந்து, முனிவேல் கற்பூரம் காட்டி, டேக்கெல்லாம் அவரவர் கழுத்துக்குப் போய்விட்டது. வாரம் முடிந்ததும் ஆஃப்ஷீன் அவற்றை வாங்கிக் கணக்கை இறக்கினாள். மத்தியானம் லேப்டாப்பைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வந்தாள்.

திரையில் ஒவ்வொருவரும் ஒரு புள்ளி. பழகியவர்களுக்கு நடுவில் கோடு. முதல் நாட்கள் சிலந்திவலை போல அழகாக இருந்தன. பூஜை நாளைத் தொட்டாள். திரை முழுக்க ஒரு கருப்பு உருண்டை.

"நாப்பது பேரும் ஒருத்தர் மேல ஒருத்தர் படுத்திருக்காங்க தாத்தா. அன்னிக்குச் சாயந்தரத்துல இருந்து. நகரவே இல்ல."

"சாப்பிடப் போகலையா?"

"போகல."

அவள் ஒருத்திக்கு மட்டும் காய்ச்சல் என்று கொடுத்துக் கம்ப்யூட்டரை ஓட்டினாள். கற்பூரம் அணைவதற்குள் நாற்பது பேருக்கும் வந்துவிட்டது. பொரி தீர்வதற்குள் எல்லோரும் தேறிவிட்டார்கள். அதே கணக்கை ஓசூர் முழுமைக்கும் போட்டாள். விடிவதற்குள் ராயக்கோட்டை ரோடு வரைக்கும் சுத்தம். நான் என் கையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். சூடு சாதாரணமாகத்தான் இருந்தது.

"டேக் எங்க இருந்துச்சு தாத்தா?"

சொன்னேன். அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. டேக் ஒன்றைத் திருப்பிப் பார்த்தாள். சார்ஜ் போடுகிற ஓட்டையில் குங்குமம் அடைத்திருந்தது.

முனிவேலைக் கூப்பிட்டேன். துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"முனிவேல் அண்ணா, டேக்கை எங்க வெச்சீங்க?" என்று கேட்டாள் ஆஃப்ஷீன்.

"மேல்படியில வெச்சேன் பாப்பா. வெர்னியரெல்லாம் நடுப்படிதான். உன்னோடத மேல்படியில, சாமி பக்கத்துல வெச்சேன்." அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

"எல்லாத்தையும் ஒரே தட்டுலயா?"

"பின்ன, தனித்தனித் தட்டுக்கு நான் எங்க போறது? ஏன், எதாச்சும் குறையாயிடுச்சா?"

அவள் சொன்னாள். சுருக்கமாக, அவர் வருத்தப்படாத மாதிரி. முனிவேல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் கருப்பு எல்லாம் நம்ம பூஜையா?"

"ஆமாண்ணா."

"அழிக்க முடியாதா?"

"முடியும். அழிச்சா லீவு நாள் இல்லாமப் போயிடும். அவங்க லீவு நாளைத்தான் கேட்டாங்க."

"உனக்கு நல்லது நடக்கணும்னுதான் பாப்பா மேல்படியில வெச்சேன்."

"தெரியும்ணா."

முனிவேல் போய்விட்டார். அன்று இரண்டு ஸ்பேனரைத் தொலைத்தார் என்று கேள்விப்பட்டேன்.

விஷயம் லைனுக்குப் பரவியது. அது எப்படிப் பரவியது என்பதற்கு யாரும் டேக் மாட்டவில்லை. டீ நேரத்தில் லைனில் அவளோடு நெருக்கமான ரூபா கேட்டுக்கே வந்தாள்.

"ஏன்டி, இதுக்கா மூஞ்சியை இப்படி வெச்சிருக்க? முந்தின ஞாயித்துக்கிழமையதை எடுத்து அங்க ஒட்டிடு. ஞாயிறும் லீவு, பூஜையும் லீவு. எவனுக்குத் தெரியும்?"

"ஞாயித்துக்கிழமை டேக் குடுக்கவே இல்ல. திங்கள்லதானே குடுத்தேன், சனிக்கிழமை வாங்கிட்டேன்."

"சரி, செவ்வாய்க்கிழமையை ஒட்டி ரெண்டு கோடு கூட்டிப் போடு. நாம லைன்ல பண்ணாததா? ரீடிங் விட்டுப்போனா மேல இருக்கறதைப் பாத்து எழுதறோம், வண்டி ஓடலையா? கதவு தொறக்கலையா?"

"தொறக்குது."

"அப்புறம் என்ன?"

ஆஃப்ஷீன் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ஒட்டமாட்டாள் என்று நான் நினைக்கவில்லை. அவளும் நினைத்திருக்க மாட்டாள். அன்று மாலை லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமையையும் கருப்பு உருண்டையையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை ஒட்டியும் பார்த்தாள். நன்றாகப் பொருந்தியது. நிஜமான நாளைவிட நன்றாக இருந்தது. பிறகு அதை எடுத்தாள். மறுபடி ஒட்டினாள். கம்பெனி பஸ் வந்ததும் மூடி வைத்துவிட்டாள்.

புதன்கிழமை அவள் அம்மா ரோஷன் பீ கேட்டுக்கு வந்தார். வீட்டில் துணி தைக்கிறவர், ஏதோ பட்டன் வாங்கப் போகிற வழி என்றார்.

"ஏங்க, இந்தப் படிப்பு படிச்சா என்ன வேலைங்க கெடைக்கும்? இவகிட்ட கேட்டா பாதிதான் சொல்றா."

"ஒவ்வொரு காய்ச்சலுக்கும் ஜாதகம் எழுதற வேலைங்க. எப்ப பொறக்கும், எந்த ஊர்ல கல்யாணம், எத்தனை புள்ளைங்கன்னு."

"கவர்மென்ட் வேலைங்களா?"

"கவர்மென்ட்லயும் கூப்பிடுவாங்க, ஆஸ்பத்திரியிலயும் கூப்பிடுவாங்க, வெளிநாட்டுலயும் கூப்பிடுவாங்கன்னு சொல்லுது. ஆனா எதுவுமே நிரந்தரம் இல்லைங்களாம். காய்ச்சல் இருக்கற வரைக்கும் மரியாதை, ஓஞ்சதும் மறந்துடுவாங்களாம்."

ரோஷன் பீ முக்காட்டைச் சரிசெய்தார். "அவங்க அத்தா இருந்தா பாண்டுல கையெழுத்துப் போடுன்னுதான் சொல்லியிருப்பாரு," என்றார். கொஞ்ச நேரம் லாரிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அவரு இல்ல," என்றார், இன்றைக்குப் பட்டன் கடை திறக்கவில்லை என்பது போல. போய்விட்டார்.

வியாழக்கிழமை ஆஃப்ஷீன் கம்ப்யூட்டர் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு திரையில் பேசினாள். அங்கே நடந்ததை வெளியே வந்து சொன்னாள். எதிரே மூன்று பேராம். நரைத்த தலை மேடம் ஒருவர், அடிக்கடி தண்ணீர் குடிக்கிற ஒருவர், முகமே காட்டாத ஒருவர். இவள் முதல் நாட்களைக் காட்டினாள். நன்றாக இருக்கிறது என்றார்கள். பூஜை நாளைக் காட்டினாள்.

முகம் காட்டாதவர் கேட்டார், "இது என்ன கூட்டம்?"

"கூட்டம் இல்ல சார். தட்டு. டேக் எல்லாம் பூஜையில இருந்துச்சு. ஆளுங்க வீட்டுல இருந்தாங்க."

தண்ணீர் குடிக்கிறவர் குடித்தார்.

மேடம் கேட்டார், "அப்போ லீவு நாளில் அவர்கள் யாரையெல்லாம் சந்தித்தார்கள்?"

"சந்திச்சிருப்பாங்க மேடம். எனக்குத் தெரியாது."

"ஊகித்து ஒன்று வைத்திருக்கலாமே?"

"வெச்சுப் பாத்தேன் மேடம். ரொம்ப நல்லா வந்துச்சு. அதனால எடுத்துட்டேன்."

அவ்வளவுதான். நன்றி சொல்லிவிட்டு அணைத்துவிட்டார்கள்.

"நல்லபடியா சொல்லியிருக்க," என்றேன்.

"இல்ல தாத்தா. ஆய்வே இல்லாம ஆய்வு காட்டியிருக்கேன்."

அன்று இரவே மெயில் வந்துவிட்டது, வெள்ளி காலையில் காட்டினாள். இரண்டு வருஷப் பயிற்சிக்கு இந்த முறை எடுக்கவில்லை. வருந்துகிறோம். ஆனால் அடுத்த மாதம் ஆறு வாரத்துக்கு ஒரு குறும்பயிற்சி நடக்கிறது, கட்டணம் கிடையாது, உதவித்தொகையும் கிடையாது, விருப்பமிருந்தால் வரலாம். அதை முடித்தவர்களுக்குப் பிறகு வேலை தருவதாக ஒரு வார்த்தையும் இல்லை. நான் கண்ணாடி போட்டுக்கொண்டும் போடாமலும் தேடினேன்.

சாயந்தரம் அவள் ஜெகதீஷ் சார் ரூமுக்குப் போனாள். கேட்டிலிருந்து எட்டிப் பார்த்தால் அந்த ஜன்னல் தெரியும். அன்று ஜன்னல் திறந்திருந்தது, என் காது இன்னும் ரிட்டயர் ஆகவில்லை.

"சார், ஆறு வாரம் லீவு கிடைக்குமா? சம்பளம் வேண்டாம்."

"சேர்ந்த உடனே ஆறு வாரமா? அதெல்லாம் முடியாதும்மா. நாளைக்கே ஆடிட்டர் வராங்க. போட்டுடு."

பேனா நீட்டியது தெரிந்தது. அவள் வாங்கியதும் தெரிந்தது. வெகு நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அதை மேஜை மேல் வைத்தாள், உருளாமல் பார்த்து வைத்தாள்.

"வேண்டாம் சார்."

"அந்தப் பயிற்சிதான் கிடைக்கலையே? மூணு வருஷம் என்ன, ஓடிடும்."

"ஓடிடும் சார். அதான்."

ஜெகதீஷ் சார் கெட்டவர் இல்லை. பெருமூச்சு விட்டார். ஐடி கார்டை வாங்கிக்கொண்டார். கேட்டில் வெளியே போகிறவர்களின் பையைப் பார்க்க வேண்டும், பார்த்தேன். டிபன் பாக்ஸ், லேப்டாப், துணிப்பையில் நாற்பது டேக். முனிவேல் பின்னாலேயே ஒரு பொட்டலம் பொரியோடு வந்தார், என்னிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டார். நான் அவளிடம் கொடுத்தேன். அவள் அழவில்லை, நாங்களும் அழவில்லை. இந்தப் பக்கத்தில் அந்த வருஷத்துக்குப் பிறகு அந்தப் பழக்கம் கொஞ்சம் விட்டுப்போய்விட்டது.

ஆறு வாரமும் தினம் காலையில் பஸ் பிடித்து எல்லையைத் தாண்டிப் போனாள். அங்கே டாக்டர்கள், கால்நடை டாக்டர்கள், கணக்கு வாத்தியார் ஒருவர், எல்லோரும் படிக்க வந்திருந்தார்களாம். அம்மா தையல் ஆர்டர் கூடுதலாக எடுத்தார். தட்டம்மை ஒரு வாரம், டெங்கு ஒரு வாரம் என்று நோய்களை ஒவ்வொன்றாக முடித்தார்கள். ஊசி போட்டால் வளைவு எப்படிச் சாய்கிறது என்று பஸ் ஸ்டாப்பில் எனக்குக் காற்றில் வரைந்து காட்டுவாள். எனக்கு எல்லா நோயும் ஒரே மேடு போலத்தான் தெரிந்தது.

முடிந்ததும் அந்த நரைத்த தலை மேடம் கூப்பிட்டுப் பதினோரு மாதக் கான்ட்ராக்டில் ஒரு வேலை கொடுத்தார். சம்பளம் ஜெகதீஷ் சார் சொன்னதைவிடக் குறைவு. பதினோரு மாதத்துக்குப் பிறகு என்ன என்று யாருக்கும் தெரியாது. மாடலிங் செய்கிற வேலைகூட இல்லை. மாடலிங் செய்கிறவர்களுக்கு ஊர் ஊராக வருகிற கணக்குகளை முதலில் வாங்கிப் பார்க்கிற வேலை. எந்தக் கணக்கில் ஆள் இருந்தான், எதில் தட்டு இருந்தது என்று பிரிக்க வேண்டும். நன்றாகப் பொருந்துகிற கணக்கைத்தான் முதலில் சந்தேகப்படுகிறாளாம்.

நேற்று மாலை பஸ் ஸ்டாப்பில் டீக்கடையில் பார்த்தேன். இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு என்ன?"

"ஒரு ஊர்க் கணக்கு வந்திருக்கு தாத்தா. ஒரு வாரம் பூரா ஒருத்தரும் ஒருத்தரையும் பாக்கல. எல்லாம் தனித்தனியா இருக்கு."

"மழையா இருக்கும்."

"மழை இல்ல. பாத்துட்டேன்."

"எல்லாரும் எல்லாரோடயும் சண்டை போட்டிருப்பாங்க. எங்க மாமனார் ஊர்ல அப்படி நடந்திருக்கு. நாய்ங்ககூட ஒண்ணுக்கொண்ணு பேசல."

அவள் டீயை ஊதினாள். "இருக்கலாம்," என்றாள். "நாளைக்கு அந்த ஊருக்கு போன் பண்ணிக் கேக்கறேன்."